உபதேசியார் பாட வேண்டாமாம்

பஸ் ஜன்னலை அடைச்சிராதீங்க அண்ணாச்சி, காத்து வரட்டும். எனக்கு உடம்பெல்லாம் எரியுது. வெயிலுக்கு இல்ல. இப்பம் போன் பேசினேன்லா, கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க? எம் மருமவன். நாளைக்குக் கோயில்பட்டியில எம் பேரனுக்கு ஞானஸ்நானம், அதுக்குத்தான் போறேன். போன்ல என்ன சொல்லுதான் தெரியுமா? "மாமா, நாளைக்கு மன்றாட்டுமாலை நீங்க பாட வேண்டாம். பாடுறதுக்கு இங்க ஆளு ஏற்பாடு பண்ணிட்டேன். நீங்க புது வேட்டி கட்டிட்டு வந்தாப் போதும்"ங்கான். பட்டுனு போனை வச்சுட்டேன்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா. வள்ளியூருக்குத் தெக்க சூசையார்குளம்னு ஒரு ஊரு. அங்க கோயில்ல நான் உபதேசியார். இன்னாசி உபதேசியார்னு கேட்டாச் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். உபதேசியார்னா என்னன்னு முழிக்கீங்க. நீங்க எந்தக் கோயிலுக்குப் போறவுக? முருகனா? நல்லது. அப்பம் சொல்லுதேன். சாமியாரு, அதான் ஃபாதரு, பூசை வைப்பாரு, மத்த சோலி பூரா உபதேசியாருக்கு. மணி அடிக்கணும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிச்சுக் குடுக்கணும், சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போயி ஜெபமாலை சொல்லணும். எங்க வேதத்துல, கிறிஸ்தவத்துல சேரணும்னு பெரிய ஆளுக யாராவது வந்தா உக்கார வச்சு உபதேசம் சொல்லிக் குடுக்கணும். சாமியாருமாரு மாறிப் போயிருவாங்க. நான் மாறினதில்ல. எனக்கு முன்ன எங்கப்பா இருந்தாரு.

அதுலயும் இந்த மன்றாட்டுமாலை எனக்கே உள்ளது. புனிதர்கள் பேரை ஒவ்வொண்ணா நான் பாடணும், சனங்க "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு பதில் பாடணும். புஸ்தகத்துல இருக்கது கொஞ்சப் பேருதான். நான் அதோட விடமாட்டேன். எங்கப்பா காலத்துப் பழைய பேரும் பாடுவேன், இப்ப உள்ள புதுப் பேரும் பாடுவேன். பேதுருன்னும் பாடுவேன், இராயப்பர்னும் பாடுவேன். ரெண்டும் ஒரே ஆளுதானே உபதேசியாரேன்னு இப்ப இருக்க சாமியாரு கேட்டாரு. இருக்கட்டுமே சாமி, ரெண்டு தடவ கூப்பிட்டா ரெண்டு தடவ திரும்பிப் பாப்பாருல்லான்னேன்.

எம் மச்சினன் ஒருத்தன் இருக்கான், எம் பொண்டாட்டி மதலேனோட தம்பி. சவரிமுத்துன்னு பேரு. பணகுடியில பலசரக்குக் கடை வச்சிருக்கான். ஒரு திருவிழாவுக்கு வந்தவன், நான் மன்றாட்டுமாலை பாட ஆரம்பிச்ச உடனே எந்திரிச்சு வெளிய போயி, ஒரு டீயைக் குடிச்சு, ஒரு பீடியும் பிடிச்சுட்டுத் திரும்பி வந்து, "அத்தான் இன்னும் முடிக்கலையா?"ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட கேட்டிருக்கான். மைக்குகிட்ட நின்ன எனக்கே கேட்டுது. அன்னையிலருந்து அவங்கூட எனக்குப் பேச்சு கம்மி. அவனை ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால வாறான்.

இந்த மருமவன் எனக்கு மருமவன் ஆனதே ஒரு அநியாயம் அண்ணாச்சி. இவன் பேரு அப்ப இசக்கி. வள்ளியூருல மோட்டார் காயில் கட்டுற கடை. எங்க ஊருக் கிணத்து மோட்டாரு பூரா அவங்கிட்டதான் போகும். எம் மவ ரெனிட்டா வள்ளியூருல நர்சரிப் பள்ளிக்கூடத்துல டீச்சரு. பள்ளிக்கூடத்துல மோட்டார் போயிட்டு, இவன் வந்து கழட்டிட்டுப் போனான். அப்புறம் அந்த மோட்டார் அடிக்கடி போக ஆரம்பிச்சுட்டு. நல்லா இருக்க மோட்டாருக்கு இவன் என்னத்தைக் காயில் கட்டினானோ.

எங்களுக்குச் சாதியெல்லாம் கிடையாது அண்ணாச்சி. ஆண்டவருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான். சும்மா என்ன ஆளுகன்னு விசாரிச்சேன், அம்புட்டுதான். விசாரிச்சதுல மனசுக்கு அவ்வளவு ஒத்துவரல. அதை வெளிய சொல்ல முடியுமா? அதனால, "உபதேசியார் வீட்டுப் பொண்ணு. வேதத்துல சேராதவனுக்குக் குடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன். அவங்கப்பா அவங்க கோயில்ல சாமியாடுறவரு. மகன் எப்படிச் சேருவான்? அதோட முடிஞ்சுதுன்னு நிம்மதியாத் தூங்கினேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் பூசைக்கு வந்து முன் வரிசையில உக்காந்திருக்கான்.

சாமியாரு இளவட்டம். நல்ல மனுசன், ஆனா சட்டம் பேசுவாரு. "கல்யாணத்துக்காக மட்டும்னா நான் சேர்க்க மாட்டேன் தம்பி. உனக்கு விசுவாசம் இருக்கணும்"னாரு. இவன் என்ன சொல்லணும்? ஆண்டவர் கனவுல வந்தாரு, அப்படி ஏதாவது சொல்லணும்லா. இவன் சொல்லுதான், "இப்போதைக்குப் பொண்ணுக்காகத்தான் வந்திருக்கேன் சாமி. வந்து பாக்கேன். பிடிச்சா இருக்கேன். பிடிக்கலன்னா அதையும் உங்ககிட்டயே வந்து சொல்லிருதேன்." சாமியாருக்குச் சிரிப்பு தாங்கல. "உண்மையைச் சொல்லுதான். ஒரு வருஷம் வரட்டும், பாப்போம். உபதேசியாரே, நீங்க படிச்சுக் குடுங்க"ன்னுட்டாரு.

என் மனசுக்குள்ள ஒரே சந்தோசம். பூனைகிட்டயே பாலைக் காவலுக்குக் குடுத்துட்டாங்கள்லா. ஒரே மாசத்துல பயலை ஓட வச்சிருதேன்னு நெனைச்சேன். மத்தவங்களுக்குப் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம், அதோட கொஞ்சம் உபதேசம் போதும். இவனுக்கு நான் எங்கப்பா காலத்து மந்திரம் அத்தனையும் எடுத்துக் குடுத்தேன். சாவுக்குச் சொல்லுற ஜெபம், இடி மின்னலுக்குச் சொல்லுற ஜெபம், பேய்க்காத்துக்குச் சொல்லுற ஜெபம். எனக்கே பாதி மறந்துபோனதெல்லாம்.

அந்தக் கோட்டிக்காரப் பய அத்தனையும் படிச்சுட்டு வந்து நிக்கான். எப்படில படிச்சேன்னு கேட்டேன். காயில் சுத்தும்போது ஒவ்வொரு சுத்தா எண்ணிக்கிட்டே இருக்கணுமாம். எண்ணுறதுக்குப் பதிலா ஒரு சுத்துக்கு ஒரு அருள் நிறை மரியே சொல்லிப் பழகிட்டானாம். "இப்ப எண்ணிக்கை தப்புறதே இல்ல சார். நீங்களும் ஏதாவது எண்ணும்போது சொல்லிப் பாருங்க"ங்கான், எனக்கு. எங்க ஊருல இப்ப ஓடுற மோட்டாரு எல்லாம் ஜெபமாலை சொல்லிக் கட்டினது. தண்ணி நல்லாத்தான் வருது, அதை இல்லன்னு சொல்லக் கூடாது.

படிச்சாப் பரவால்ல அண்ணாச்சி, கேள்வி கேப்பான். நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்திருக்கேன், ஒண்ணு கூட வாயைத் திறந்ததில்ல. இவன் கேக்கான், "சார், பேதுரு ஆண்டவரை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவ சொன்னாருல்லா. அவருகிட்டயே திருச்சபைச் சாவியைக் குடுத்தாங்க. நான் தெரியும் தெரியும்ங்கேன், என்னை ஒரு வருஷம் வாசல்ல நிக்க வச்சிருக்கீங்களே?" நான் சொன்னேன், பேதுரு பெரியவரு, அவரு மாமியா காய்ச்சல்ல கிடந்தப்ப ஆண்டவரே வீட்டுக்குப் போயிச் சொகமாக்கினாரு. அவன் உடனே, "பேதுருக்குக் கல்யாணம் ஆயிட்டா? அப்ப மாமனாரு என்ன சொன்னாரு?"ங்கான். மாமனாரைப் பத்தி வேதத்துல ஒண்ணும் இல்லன்னேன். "நல்ல மாமனாரு போல"ன்னு சொல்லிட்டுப் புஸ்தகத்தைத் திருப்புதான். நான் அன்னைக்கு ராத்திரி முழுக்க வேதத்தைப் புரட்டினேன். நெசமாவே ஒண்ணும் இல்ல.

அப்படியே நாளு ஓடிட்டு. நடுவுல ஒரு சடங்கு உண்டு. வேதத்துல சேர வாறவன் நெத்தியில, காதுல, கண்ணுல, வாயில, நெஞ்சுல, தோள்ல எல்லாம் உபதேசியார் விரலால சிலுவை போடணும். ஆண்டவர் சொல்லைக் கேக்கதுக்குக் காது, அவரைப் பாக்கதுக்குக் கண்ணு, அப்படி. சாமியாரு ஒவ்வொண்ணா வாசிக்காரு, நான் போடுதேன். காதுல போடுதேன், காது மடல்ல கிரீஸு ஒட்டியிருக்கு. கடையிலருந்து குளிச்சுட்டு ஓடி வந்திருக்கான், அது மட்டும் போகல. கண்ணை மூடிக்கிட்டுப் பச்சப் பிள்ளை மாதிரி மொகத்தைக் காட்டிக்கிட்டு நின்னான். எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. எனக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது அண்ணாச்சி. அதைச் சும்மா சொன்னேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

அந்தச் சடங்கு விசயம் அவங்கப்பா காதுக்குப் போயிட்டு. இனிமே எனக்கு மகனே இல்லன்னு சொல்லி வீட்டை விட்டு அனுப்பிட்டாரு. பய கடையிலயே படுக்கான், ஓட்டல்ல திங்கான். ஞாயித்துக்கிழமை உபதேசம் முடிஞ்சு பசியோட போறவனை எப்படி அனுப்புறது? வேற வழியில்லாம மதலேன்கிட்ட ஒரு தட்டு கூட வைக்கச் சொன்னேன். பொண்ணு குடுக்குறதுக்கு இல்ல, சோறு வேற, பொண்ணு வேற. அவ என்னன்னா அவனுக்கு மட்டும் மீன் தலையை வைக்கா. இத்தனை வருஷமா அது எனக்கு வச்சது.

ஈஸ்டருக்கு முந்தின நோம்பு நாளு, தவக்காலம் வந்துட்டு. இனி ஈஸ்டர் பூசையில ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், புதுநன்மைன்னு வேதத்துல சேருறதுக்கு உள்ள மூணு சடங்கும் ஒண்ணாக் குடுத்திருவாங்க. எங்க பிள்ளைகள்லாம் இது மூணையும் வாங்க வருசக்கணக்கா ஆகும், பெரிய ஆளா வாறவனுக்கு ஒரே பூசையில முடிஞ்சிரும். அப்புறம் நான் எந்த வாயால பொண்ணு இல்லன்னு சொல்ல? எனக்கு ராத்திரி தூக்கம் போயிட்டு.

அப்பத்தான் சாமியாரு கேட்டாரு, "இவனுக்கு ஞானத்தகப்பனா யாரு நிக்கது?" ஞானத்தகப்பன்னா என்னன்னு சொல்லுதேன். ஞானஸ்நானம் வாங்கும்போது பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும். உறுதிப்பூசும்போது அவன் வலது கையை இவன் தோள்ல வைக்கணும். வெள்ளைத் துணி எடுத்துக் குடுக்கணும், பெரிய திரியிலருந்து மெழுகுவத்தி ஏத்திக் கையில குடுக்கணும். அன்னையிலருந்து அவன் இவனுக்கு அப்பா, இவன் அவனுக்கு மகன். பேரு கூட ஞானத்தகப்பன் பேரை வைக்கது எங்க பக்கத்து வழக்கம்.

அந்த நிமிசம் ஆண்டவரே எனக்குப் புத்தியில போட்டாரு அண்ணாச்சி. நான் ஞானத்தகப்பனா நின்னா இவன் எனக்கு மகன். எனக்கு மகன்னா ரெனிட்டாவுக்கு யாரு? அண்ணன். அண்ணனும் தங்கச்சியும் கல்யாணம் முடிக்க முடியுமா? ஊரு காறித் துப்பாதா? எப்படி என் மூளை? "நான் நிக்கேன் சாமி"ன்னுட்டேன்.

சாமியாருக்குச் சந்தேகம். என்னைத் தனியாக் கூப்பிட்டு, "உபதேசியாரே, நீங்க என்ன நெனைக்கீங்கன்னு எனக்குத் தெரியும். திருச்சபைச் சட்டத்துல அப்படி ஒரு தடையும் இல்ல. ஞானத்தகப்பன் மகளை அவன் தாராளமா முடிக்கலாம்"னாரு. நான் விடுவேனா? "சாமி, சட்டம் உங்ககிட்ட இருக்கட்டும். முறை எங்ககிட்ட இருக்கு"ன்னேன்.

இசக்கிக்கு இந்த உள் விவகாரம் ஒண்ணும் தெரியாது. நான் நிக்கேன்னு சொன்ன உடனே அப்படியே நின்னுட்டான். புஸ்தகத்தை மூடி வச்சுட்டு, "அப்ப உங்களை நான் அப்பான்னு கூப்பிடலாமா?"ன்னு கேட்டான். கூப்பிட்டுக்கோன்னேன். "அப்பா"ன்னான். கூப்பிட்டுப் பாக்கான்போல. என்னலன்னேன். ஒண்ணுமில்லப்பான்னான். அப்புறம் அந்தத் தவக்காலம் முழுக்க அப்பாதான். அப்பா சாப்டீங்களா, அப்பா மருந்து வாங்கிட்டீங்களா, அப்பா அந்த வயரைத் தொடாதீங்க. எங்க வீட்டு மிக்சி, கிரைண்டரு, கோயில் மைக் எல்லாத்தையும் கழட்டி மாட்டினான். என் பேரையே வைக்கணும்னு அவனே சொன்னான். ஊருக்குள்ள இன்னொரு இன்னாசி.

வீட்டுல மதலேன்கிட்ட என் திட்டத்தைச் சொன்னேன். தேங்கா துருவிக்கிட்டு இருந்தா. "அவன் எனக்கு மகனாயிட்டா நம்ம புள்ளைக்கு அண்ணன் முறைல்லா, இனி ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது"ன்னேன். அவ துருவுறதை நிறுத்தல. "முறைன்னா முறைதான்"னு மட்டும் சொன்னா. மறுநா எந் தம்பியைப் பாத்துட்டு வாறேன்னு பணகுடிக்குப் போயிட்டா. என் புத்தியைப் பாத்து வாயடைச்சுப் போயிட்டான்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சாமியாரு சொன்னாரு, "உபதேசியாரே, இந்த ஒரு வருஷம் மன்றாட்டுமாலையைப் பாடகர் குழு பாடட்டும். நீங்க அவன் பக்கத்துல நில்லுங்க." அந்தப் பயலுக புஸ்தகத்துல உள்ளதை மட்டும் பாடிட்டு முடிச்சிருவானுக, பாதிப் புனிதர்களுக்கு மரியாதையே இருக்காது. "ரெண்டும் நானே பாத்துக்கிடுதேன் சாமி. பாடி முடிச்ச உடனே ரெண்டு எட்டுல போயி நின்னுருவேன்"னேன். "உங்க இஷ்டம்"னு ஒரு மாதிரி சிரிச்சாரு.

ஈஸ்டர் பூசை வந்துட்டு. கோயில் நெறஞ்சு கெடக்கு. இசக்கி வெள்ளை வேட்டியில வாறான், மாப்பிள்ளை கெட்டான் போங்க. சாமியாரு தண்ணித் தொட்டிக்கிட்ட போறாரு. நான் மைக்கைப் பிடிச்சு, கண்ணை மூடி, ஆரம்பிச்சேன். "புனித மரியே, இறைவனின் தாயே." சனங்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." நாலஞ்சு பேரு பாடிட்டுக் கண்ணைத் திறக்கேன். இசக்கி பக்கத்துல சவரிமுத்து நிக்கான்.

பட்டு வேட்டி, பட்டுத் துண்டு. தோள்ல கை வைக்கதுக்கு இன்னும் நேரம் இருக்கு, இப்பமே வச்சிருக்கான். சரி, நான் பாடி முடிக்க வரைக்கும் எடம் பிடிச்சு வச்சிருக்கான்போலன்னு நெனைச்சேன். பாட்டுக்கு எடையில கண்ணைக் காட்டினேன், தள்ளி நில்லுன்னு. அவன் மேல உள்ள மாதா படத்தைப் பாக்கான். மதலேனைப் பாத்தேன். அவ குனிஞ்சு ஜெபிச்சுக்கிட்டு இருக்கா. ரெனிட்டாவைப் பாத்தேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா, கண்ணு கலங்கியிருக்கு, ஆனா பார்வையை எடுக்கல. அப்பத்தான் எனக்கு இது எல்லாரும் சேந்து பண்ணின வேலைன்னு வெளங்குச்சு.

நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி? பாட்டை நிறுத்திட்டுப் போனா நிறுத்தின எடத்துலருந்து சாமியாரு ஞானஸ்நானம் குடுத்திருவாரு. பாடிக்கிட்டே இருந்தா ஆரம்பிக்க முடியாதுல்லா. அதனால பாடினேன். பேதுரு, இராயப்பர். பவுல், சின்னப்பர். அருளப்பர், பெலவேந்திரர், சந்தியாகப்பர், செபஸ்தியார், வனத்து அந்தோணியார், வனத்துச் சின்னப்பர். வனத்துல இருந்தவங்க ஒருத்தரையும் விடல. சனங்களும் பாவம் சளைக்காம பதில் பாடுதாங்க. கையில பிடிச்ச மெழுகுவத்தி கரைஞ்சு பிள்ளைகள் கையில ஊத்துது. சவேரியாரை மட்டும் விட்டுட்டேன், அவரு எம் மச்சினனுக்குப் பேரு குடுத்தவரு. யாரு கவனிக்கப் போறான்னு பாத்தா, நான் மூச்சு வாங்கின நேரத்துல சவரிமுத்து நின்ன எடத்துலருந்தே சத்தமா, "புனித சவேரியாரே"ங்கான். கோயில் முழுக்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"ங்கு.

அதோட எனக்குப் பேரு எல்லாம் தீந்துபோச்சு. மறுபடியும் பேதுருகிட்ட வந்துட்டேன். சாமியாரு தன் மைக்குல, "போதும் உபதேசியாரே. எல்லாரும் வந்து சேந்துட்டாங்க"ன்னாரு. சனங்க சிரிச்சுட்டாங்க, ஈஸ்டர் பூசையில.

"உன் பெயர் என்ன?"ன்னு சாமியாரு கேட்டாரு. இசக்கி ஒரு தடவ என்னைத் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு, "சவரிமுத்து"ன்னான். தண்ணி ஊத்திட்டாங்க.

பூசை முடிஞ்சு சாமியாருகிட்ட நியாயம் கேக்கப் போனேன். "ஞானத்தகப்பன் பிள்ளை பக்கத்துல நிக்கணும் உபதேசியாரே. நீங்க மைக் பக்கத்துலல்லா நின்னீங்க"ங்காரு. வீட்டுக்கு வந்தா மதலேன் அடுப்படியிலருந்தே பேசுதா. "எந் தம்பிக்கு அவன் மகன். எந் தம்பி ரெனிட்டாவுக்குத் தாய்மாமன். தாய்மாமன் மகன் நம்ம புள்ளைக்கு என்ன வேணும்? முறை மாப்பிள்ளை. சட்டம் வேண்டாம், முறைதான் வேணும்னு சொன்னது நீங்கதான?" நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கு. ஊருல எவங்கிட்ட கேட்டாலும், ஆமா, நல்ல பொருத்தமான முறைதானங்கான். வேத்து ஆளுகன்னு பேசின வாயெல்லாம் தாய்மாமன் மகன்ன உடனே அடைச்சுப் போயிட்டு.

அன்னைக்கு அவன் வந்து என் காலைத் தொட்டான். "மன்னிச்சிருங்க மாமா"ன்னான். அதுதான் முதல் மாமா.

கல்யாணம் முடிஞ்சு கோயில்பட்டியில கடை போட்டுட்டான். எம் மவளை நல்லா வச்சிருக்கான், அதுல ஒரு குறை சொல்ல முடியாது. இப்ப அவங்கப்பா கூட வந்து போறாராம். ஆனா என் நெலமையைப் பாருங்க. எம் மருமவனை வாய் நிறையக் கூப்பிடணும்னா சவரிமுத்துன்னு கூப்பிடணும். யாரு பேரு! அந்தப் பாட்டை அன்னைக்குப் பாடகர் குழுகிட்ட குடுத்திருந்தேன்னா, இன்னைக்கு என் பேரோட இருந்திருப்பான், என்னை அப்பான்னு கூப்பிட்டிருப்பான்.

என்ன சொல்லுதீங்க? அப்படி நடந்திருந்தா கல்யாணமே இல்ல, பேரனே இல்லங்கீங்களா? அது கணக்கு அண்ணாச்சி. நான் கணக்கு பேசல. ஒருத்தன் வாய் நிறைய அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், திடீர்னு நிறுத்திட்டான். அதைப் பேசுதேன்.

சரி, அது பழசு. இப்ப நாளைக்கு விசயத்துக்கு வாங்க. பேரனுக்கு யாரு ஞானத்தகப்பன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல. வேற யாரு, அந்தச் சவரிமுத்தாத்தான் இருக்கும். போன வாரமே கோயில்பட்டிக்குப் போயிட்ட மதலேன் போன் பண்ணி, திருநெல்வேலியில எறங்கி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை எடுத்துட்டு வாங்கங்கா. வெள்ளைச் சட்டை ஞானத்தகப்பன் எடுக்கணும், அதுதான் முறை. அந்தக் கஞ்சப் பய எடுக்க மாட்டான்னு என் தலையில கட்டியிருக்கா. இந்தப் பையில இருக்கு பாருங்க. லேஸு வச்சு, குல்லா வச்சு, நல்லதாத்தான் எடுத்தேன். பேரனுக்குல்லா. இவ்வளவும் செஞ்சுட்டு, கடைசியில நான் பாடவும் வேண்டாமாம். மச்சினன் சொல்லிக் குடுத்திருப்பான்.

ஏன் சிரிக்கீங்க?

என்ன கேட்டீங்க, திருப்பிக் கேளுங்க. வெள்ளைச் சட்டை ஞானத்தகப்பன்தான் எடுக்கணுமா. ஆமா. அதை எடுத்துட்டுப் போறது யாரு. நான்தான், சொன்னேன்லா. புது வேட்டி... கட்டிட்டு வரச் சொன்னான், ஆமா. பாட்டுப் பாடினா மைக்குகிட்ட நிக்கணும். பாடலன்னா...

கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. ஒரு போன் போட்டுக்கிடுதேன்.

ஏல, நான்தான். கயத்தாறு தாண்டிட்டேன். கோவமெல்லாம் இல்லல. நான் எங்க வச்சேன், சிக்னல் போயிருக்கும். அதை விடு. நாளைக்கு ஞானத்தகப்பன் யாரு? ... ம். ... ம். ... அதை மொதல்லயே சொல்லுறதுக்கு என்னல? ... சரி, நான்தான் சொல்ல விடல. சரில. வெயில்ல வந்து நிக்காத, நானே ஆட்டோ பிடிச்சு வந்துருதேன். ... என்ன சொன்ன? பிள்ளைக்கு என்ன பேரு? ... இன்னொரு தடவ சொல்லு. ... ம். வைக்கேன்.

இன்னாசியாம்.

நீங்க எதுவும் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் வெளிய பாத்துட்டு வாறேன்.

அண்ணாச்சி, ஒரு விசயம். பாட வாற பய யாருன்னு கேக்க மறந்துட்டேன். எறங்கின உடனே அவனைப் பிடிச்சுச் சொல்லணும். பச்சப் பிள்ளைக்கு ஞானஸ்நானம், வளவளன்னு இழுத்துக்கிட்டு நிக்கக் கூடாது. மாதா, சூசையப்பர், இராயப்பர் போதும். பேதுரு வேண்டாம், ரெண்டும் ஒரே ஆளுதான். அப்புறம் எனக்கும் பேரனுக்கும் பேரு குடுத்த எங்க இஞ்ஞாசியார். நாலு பேரோட முடிச்சிரணும்.

சவேரியாரா? அவரு எதுக்கு?

சரி. சவேரியாரும் இருந்துட்டுப் போகட்டும்.